சிகரத்தில் இடம் குறைவு

இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர். நுவரெலியாவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம், அதைச் சுற்றி இராணுவக் காவல். அதற்காக யாரும் ராத்தூக்கத்தைத் தொலைப்பதில்லை. கிரிகல்பொத்தையும் தொட்டுப்பொலையும்கூட 2,300 மீட்டரைத் தாண்டியவை. அவற்றின் பெயரைச் சொன்னால் இலங்கையிலேயே பாதிப் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர்தான். ஆனால் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை ஒவ்வோர் இரவும் அதன் முதுகில் ஒரு விளக்குச்சரம் எரிகிறது. அதன் வழியே ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் உயரமில்லை, நிற்கும் விதம். மற்ற மலைகள் கூட்டத்தோடு கூட்டமாக, மேட்டுநிலத்தின் மேல் இன்னொரு மேடாகக் கிடக்கின்றன. இது மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில், சமவெளியைப் பார்த்துத் தனியே கூம்பாக எழுந்து நிற்கிறது. மேற்குக் கடலில் வரும் மாலுமிக்குக் கரை தெரியும் முன்னே இது தெரிந்துவிடும். தீவை அடையாளம் காட்டியதே இந்த மலைதான் என்பதால், தீவைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் இதைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மணிமேகலையிலேயே இரத்தினத் தீவத்துச் சமந்த மலையும் அதன் உச்சியிலுள்ள அடித்தடமும் வந்துவிடுகின்றன. பௌத்தருக்கு அது புத்தரின் பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், இஸ்லாமியருக்குச் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் பாதம். பின்னால் வந்த போர்த்துக்கேயரில் சிலர் புனித தோமையாரின் பாதம் என்று எழுதிவைத்தார்கள்.

இந்த இடத்தில் சுற்றுலாத் துறையின் கையேடு ஒரு பெருமூச்சு விட்டு, நான்கு மதங்களும் கைகோத்து நிற்கும் மலை என்று சொல்லும். எனக்கு அந்த வாக்கியத்தில் நம்பிக்கையில்லை. மலையில் நம்பிக்கை உண்டு.

ஏறுவதற்கு மூன்று முக்கியப் பாதைகள். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகப் போவது பழையது, நீளமானது, முழங்காலைக் கேட்டுப் பதில் வாங்குவது. குருவிட்டப் பக்கம் எரத்னவிலிருந்து இன்னொன்று. ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழி இருப்பதில் குறுகியது. பெரும்பாலோர் இதில்தான் வருகிறார்கள். நல்லதண்ணியிலிருந்து உச்சி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே. படிகள் ஐயாயிரத்துக்கும் மேல் என்பார்கள். எண்ணத் தொடங்கியவர்கள் யாரும் எண்ணி முடித்ததாக நான் கேட்டதில்லை. தொடக்கத்தில் தேயிலைக்கு நடுவே சாதாரண நடை. ஜப்பானியப் பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தைத் தாண்டி, சீத்த கங்குல ஓடையில் முகம் கழுவி, அதன்பிறகுதான் படி செங்குத்தாகிறது. கடைசிப் பகுதிக்குச் சிங்களத்தில் மஹாகிரிதம்ப என்று பெயர். அங்கே ஏறுவது என்ற சொல் பொருந்தாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்வதுதான்.

பாதை நெடுகக் கடைகள். ரொட்டி, மிளகுத்தூள் தூவிய அவித்த கடலை, கம்பளித் தொப்பி, பிளாஸ்டிக் பொம்மை, சர்க்கரை தூக்கலாகப் போட்ட பிளேன்டீ. மேலே போகப்போகத் தேத்தண்ணியின் விலையும் ஏறும். முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், இரண்டு படிக்கு ஒருமுறை மூச்சுவிட்டபடி ஒருவர் நம்மைத் தாண்டிப் போவார். தோளில் கேஸ் சிலிண்டர். தோளுக்கும் இரும்புக்கும் நடுவே மடித்துவைத்த சாக்கு, அதுவும் ஒரு பக்கம் நனைந்து. காலில் ரப்பர் செருப்பு. அவர் படியின் நடுவில் கால் வைப்பதில்லை. ஓரத்தில், சிமெந்து தேயாத இடமாகப் பார்த்து வைக்கிறார். தலைவிளக்கும் மலையேற்றச் சப்பாத்தும் ஊன்றுகோல் இரண்டுமாக வந்திருந்த ஐரோப்பிய இளைஞர்கள் சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு வழிவிட்டார்கள். அவர் மேலே இறக்கும் சிலிண்டரில்தான் அவர்கள் குடிக்கப்போகும் தேத்தண்ணி கொதிக்கும். மாவு மூட்டை, தண்ணீர்ப் போத்தல், சீனி எல்லாமே இப்படி யாரோ ஒருவரின் தோளேறி வந்தவைதான்.

இந்தச் சுமைகாரர்கள் புதியவர்கள் அல்லர். 1344இல் இபின் பதூதா இந்த மலைக்கு வந்தபோதே இருந்திருக்கிறார்கள். மொரோக்கோக்காரரான அவர் மாலைத்தீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளம் பக்கம் கரையொதுங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், அதைத் தவிர வேறு ஆசையில்லை என்கிறார் விருந்தாளி. அதற்கென்ன என்று அரசர் ஒரு பல்லக்கைக் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். சைவ அரசர் ஒருவர் தந்த ஆட்களோடு, சிவனின் பாதமென்று நம்பி நடப்பவர்கள் வழிகாட்ட, ஒரு முஸ்லிம் யாத்திரிகர் பௌத்தர்களின் மலைக்குப் போகிறார். யோகிகளிடம் அவர் பாதம் யாருடையது என்று வாதம் செய்ததாகப் பயணக் குறிப்பில் எதுவும் இல்லை. செய்திருந்தாலும் ஏற்றத்தில் மூச்சு விட்டுக்கொடுத்திருக்காது.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தவை வேறு. வழியில் பறந்து ஒட்டும் அட்டைகள், அவற்றின் மேல் பிழிய ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். பாறையில் தொங்கும் இரும்புச் சங்கிலிகள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதைப் பிடித்தவன் கீழே பார்த்தால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தானாகவே கலிமா சொல்லிவிடுவானாம். அப்புறம் உச்சியில், பாதத்தைச் சுற்றிப் பாறையில் வெட்டிய ஒன்பது குழிகள். யாத்திரிகர்கள் அவற்றில் பொன்னும் முத்தும் மாணிக்கமும் இட்டுவிட்டுப் போவார்கள். ஏழைப் பக்கிரிகள் அதை எடுப்பதற்காக ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஏறுவார்கள். தாங்கள் போனபோது கொஞ்சம் கற்களும் சிறிது பொன்னும்தான் இருந்தன, அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார். பக்தர் இட்ட காணிக்கை ஒன்று, மறு மதத்துப் பயணியின் கை வழியாக, மூன்றாம் மதத்து வழிகாட்டியின் மடிக்குப் போய்விட்டது. மத நல்லிணக்கத்துக்கு நினைவுத்தூண் எழுப்புவதென்றால் அந்தக் குழிகளின் பக்கத்தில் எழுப்பலாம்.

உச்சியின் உரிமை வரலாறு இந்த அளவுக்குச் சுவையானதல்ல. முதலாம் விஜயபாகு பதினோராம் நூற்றாண்டில் சோழர்களை வெளியேற்றிப் பொலன்னறுவையைப் பிடித்தவர். அவருடைய அம்பகமுவக் கல்வெட்டு, மலைக்கு வருவோரின் உணவுக்கும் தங்கலுக்கும் கிலிமலை முதலிய ஊர்களை மானியமாக விட்டதைச் சொல்கிறது. நல்ல காரியம். அதே கல்வெட்டு, தாழ்ந்த சாதியாகக் கருதப்பட்டவர்கள் நின்று வணங்க, பாதம் இருக்கும் மேடைக்குக் கீழே தனியாக ஒரு மேடை அமைத்ததையும் சொல்கிறது. வானத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போயும் சாதியை இறக்கிவைக்க இடம் தேடியிருக்கிறார்கள்! பதினாறாம் நூற்றாண்டில் சீதாவக்கை இராஜசிங்கன் சைவத்துக்கு மாறி, மலையையும் அதன் வருமானத்தையும் ஆண்டிகள் கையில் ஒப்படைத்தார் என்று பௌத்த வரலாற்று நூல்கள் வருத்தத்தோடு சொல்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதை மீட்டுப் பிக்குகளிடம் கொடுத்தார். அவரோ தமிழ் பேசும் நாயக்கர் மரபில் வந்தவர். இன்றுவரை நிர்வாகம் பௌத்த மகாசங்கத்திடம்தான் இருக்கிறது. பருவம் தொடங்கும்போது பெல்மதுளை விகாரையிலிருந்து மலையின் காவல் தெய்வமான சமனின் சிலையை ஊர்வலமாகக் கொண்டுபோய் மேலே வைப்பார்கள். முடிந்ததும் கீழே கொண்டுவருவார்கள்.

ஆக, மேலே எப்போதும் யாராவது ஒருவர் சாவியை வைத்திருந்திருக்கிறார். பகிர்தல் நடந்ததெல்லாம் வழியில். இது நான் மலையைப் பார்த்தபிறகு வந்த எண்ணம், புத்தகத்தைப் பார்த்து வந்ததல்ல.

முதல் தடவை ஏறுபவர்களைச் சிங்கள யாத்திரிகர்கள் தனியே அடையாளம் வைத்து நடத்துவார்கள். குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு, நடே குரா. எங்கே குளிப்பது, எங்கே விளக்கேற்றுவது எல்லாம் அவர் சொல்படி. புத்தர் தம் சீவரத்தைத் தைத்துக்கொண்டதாகச் சொல்லும் இடமொன்றில் முதல்தடவைக்காரர்கள் வெள்ளை நூலை அவிழ்த்துவிட்டுக்கொண்டே நடக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியில், செடியில், முன்னால் போனவரின் தோள்பையில் என்று நூல் சுற்றிக்கிடக்கிறது. ஈரத்தில் விளக்கொளி பட்டு அது மின்னும்போது அழகு. காலில் சிக்கும்போது தொல்லை. இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து ‘கருணாவை’ என்று பாடி வாழ்த்துவார்கள், ஏறுகிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எனக்கு முன்னால் போன குடும்பத்தில் ஒரு பையன், இன்னும் எவ்வளவு தூரம் என்று சிங்களத்தில் கேட்டான். பாட்டி அவன் உதட்டில் விரலை வைத்து மூடினார். மலையில் அந்தக் கேள்வி கூடாதாம். வெள்ளைச் சேலையும் இரப்பர் செருப்பும் அணிந்த அந்தப் பாட்டிக்கு எழுபதுக்குக் குறையாது. பத்துப் படி ஏறி, நின்று, அடுத்த பத்து. பின்னால் வந்த தமிழ்க் குடும்பத்து மருமகள் யாரும் சொல்லாமலே அவருடைய பையை வாங்கிக்கொண்டார். பாட்டி ஏதோ சொன்னார், இவர் தலையாட்டினார். ஒருவர் மொழி மற்றவருக்கு எந்த அளவு புரிந்ததென்று தெரியவில்லை.

உச்சி ஏமாற்றமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சுவர் கட்டிய சிறிய முற்றம், நடுவே பாறையின் மேல் சின்னக் கோயில், ஓரமாய் மணி, நிறையக் கொன்கிறீட். பாதத்தின் தடம் ஏறக்குறைய ஆறடி நீளம். வணங்குவது மேலே மூடியிருக்கும் தடத்தைத்தான். உண்மையான தடம் அதன் அடியில் மாணிக்கக் கல்லின் மேல் இருக்கிறது என்பது ஐதீகம். வரிசை நகரும், குனியலாம், நிமிர்வதற்குள் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை மணி அடிக்கலாம். நீண்ட நேரம் மணி ஒலித்தால் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அடிப்பவர் பெரும்பாலும் ஒரு மெலிந்த கிழவராக இருப்பார். பௌர்ணமிப் போயா நாளென்றால் இந்த வரிசைக்கே வந்து சேர முடியாது. நாலு மணி நேரத்தில் ஏறக்கூடிய பாதையில் இரவு முழுக்க நெரிசலில் நின்று, சூரியோதயத்தை மஹாகிரிதம்பவின் படியிலேயே, முன்னால் நிற்பவரின் முதுகுக்கு மேலாகப் பார்த்தவர்கள் ஏராளம்.

குளிரும் காற்றும் யாரையும் அங்கே அதிக நேரம் இருக்கவிடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மலையே ஆட்களைக் கீழே தள்ளிவிடும். அதன் மேற்குச் சரிவுகள் தீவிலேயே மிக அதிகமாக மழை வாங்கும் இடங்களுள் அடங்குபவை. பருவம் மாறினால் கடைகள் பிரிக்கப்படும், விளக்கு அணையும், பாதை காட்டுக்கும் அட்டைகளுக்கும் போய்விடும். அகலமும் இதமுமான உச்சியாக இருந்திருந்தால் நாலு மதத்துக்காரரும் நாலு மடம் கட்டியிருப்பார்கள், நாலு மதிலும் எழும்பியிருக்கும், வழக்கும் நடந்துகொண்டிருக்கும். இடப்பற்றாக்குறையும் கெட்ட வானிலையும் செய்த புண்ணியத்தை நாம் மதங்களின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கிழக்கே சூரியன் எழும்போது கைபேசிகள் எல்லாம் அந்தப் பக்கம் உயரும். அப்போது ஒரு காரியம் செய்யலாம், கூட்டத்தை விட்டு மேற்குச் சுவரோரம் போகலாம். பள்ளத்தாக்கின் மேல், பனிமூட்டத்தின் மேல், அப்பால் சமவெளி வரை, கோடு போட்டு வெட்டியதுபோல ஒரு கரிய முக்கோணம் கிடக்கும். சூரியன் ஏற ஏற அதன் நுனி நம்மை நோக்கிச் சுருங்கி வரும். மூட்டம் எதிரே எழும்பினால் முக்கோணமும் நிமிர்ந்து, காற்றில் இன்னொரு மலையாக நிற்கும். இது கானல்நீர் வகை, சூடான காற்றில் ஒளி வளைவதால் வருவது என்று ஒரு காலத்தில் விளக்கினார்கள். 1880களில் ரால்ஃப் ஆபர்குரோம்பி என்ற பிரித்தானிய வானிலையாளர் உச்சியில் இராத்தங்கி, வெப்பத்தையும் அளந்து பார்த்துவிட்டு, எதிரே எழும் மூட்டத்தின் மேல் விழும் வெறும் நிழல்தான் இது என்றார்.

முக்கோண வடிவத்துக்கு மலை பொறுப்பல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. நிழலின் தலைமாட்டில் நின்று அதன் நீளவாக்கில் பார்க்கிறோம். தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல அதன் இரு விளிம்புகளும் பல கிலோமீட்டருக்கு அப்பால் கூடுவதாகத் தோன்றுகிறது. டெனெரிஃப் தீவின் டெய்டே எரிமலை மேலிருந்து பார்த்தாலும் இதே கூர்மையான முக்கோணம்தான். தட்டையான உச்சியோ முண்டும் முடிச்சுமான உச்சியோ, மேலே நின்று பார்ப்பவருக்குக் கிடைப்பது முக்கோணமே. பார்ப்பவர் நிற்கும் இடம் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பாதம் யாருடையது என்ற கேள்விக்கு நான் இதுவரை கேட்ட பதில்களில் இதுதான் ஓரளவு நாணயமானது.

இந்த நிழல் விழும் சரிவில் காடு. எதிர்ப்பக்கம், நாம் ஏறிவந்த பக்கம், தேயிலைத் தோட்டங்கள். 1869இல் இலங்கைக்கு வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் இங்கெல்லாம் தேயிலை பரவியது. தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்துவந்தவர்களின் சந்ததிதான் இங்கே லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் இருக்கிறது. கீழே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம்; 1960களின் இறுதியில் அதற்காகப் பழைய மஸ்கெலியாப் பட்டினம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றினால் அந்தக் காலத்துக் கோயில் தலைகாட்டும். சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகள் பங்கிடப்பட்டன. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசி முடிச்சு அவிழ 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மேலே ஒரே பாறையில் நான்கு மதங்கள் தத்தம் பாதத்தைப் பதித்துக்கொள்ள முடிந்தது. அதன் அடிவாரத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காலூன்ற இடமில்லை. குடியிருக்கும் லயமும் பெரும்பாலும் இன்றும் தோட்டத்துக்கே சொந்தம். யாத்திரைக் காலத்தில் வேலை முடிந்து வந்து கடை போடுபவர்களும், சுமை தூக்குபவர்களும் இவர்களில் நிறைய. நல்லிணக்கக் கையேட்டில் இவர்கள் படத்தின் பின்னணியில், பச்சைச் சரிவில், கூடையோடு தெரிவார்கள்.

ஓய்வுநேர மலையேறிகள் கூட்டமாக வரத் தொடங்கியதால் மலையின் புனிதம் கெட்டுவிட்டது என்று குறைப்படும் குரல்களை அடிக்கடி கேட்கிறேன். குப்பை கூடியிருக்கிறது, உண்மை. படியோரத்தில் கிடக்கும் போத்தல்களும் பிஸ்கட் உறைகளும் எரிச்சலூட்டுகின்றன, ஆனால் அதைப் போட்டவர்களில் பக்தர்களும் சரிபாதி. மற்றபடி பொழுதுபோக்குக்கு ஏறுகிறவனுக்கும் நேர்த்திக்கு ஏறுகிறவனுக்கும் நடுவே கோடு கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே நாலு பேர் கோடு கிழித்த மலை. நம்பிக்கையே இல்லாமல் வந்த ஒருவர் இரண்டாயிரமாவது படியில் யாரோ ஒரு பாட்டியின் பாட்டுக்கு எசப்பாட்டு முனகுவதைக் கண்டிருக்கிறேன். நேர்த்திக்கு வந்தவர் உச்சியில் முதல் வேலையாகச் செல்பி எடுத்ததையும் கண்டிருக்கிறேன்.

இறங்கும்போது பாதிவழியில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கோப்பையை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். “ஏத்தி விடுறது சாமிங்கய்யா. எறக்கி விடுறது நம்ம முட்டிதான். ஓரமா, பக்கவாட்டுல காலை வச்சு எறங்குங்க” என்றார். சிலிண்டர்காரரும் படியின் ஓரத்தில்தான் கால் வைத்தார் என்று அப்போது உறைத்தது. அதன்படியே இறங்கினேன், பயனிருந்தது, முழுவதுமாக அல்ல.

ஹட்டன் பஸ் நிலையத்தில் மலையிலிருந்து வந்தவர்களை அடையாளம் காண நெற்றியில் விபூதியையோ கையில் பிக்கு கட்டிவிட்ட பிரித் நூலையோ முதுகில் பெரிய பையையோ தேட வேண்டியதில்லை. பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு பிக்கு, அடுத்து இரண்டு கொழும்பு மாணவர்கள், பின்னால் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் குடும்பம், தோளில் குழந்தையோடு ஒரு வெள்ளைக்காரர். கதவுக்குப் போன ஒவ்வொருவரும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் காலைக் கீழே விட்டார்கள். கொண்டக்டர் மாத்திரம் பாவம், சீக்கிரம் சீக்கிரம் என்று இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டிருந்தார்.